சுட்ட அன்னாசிக்குப் பதினொரு கையெழுத்து

நாக்கை வெட்டுவதற்கு அந்த மருத்துவமனையில் ஒரே ஒரு கையெழுத்து போதும். மெக்கானிக் அதைக் காலை ஒன்பது மணிக்கே, விரல் காட்டிய இடத்தில், கண்ணாடிகூடப் போடாமல் போட்டுக் கொடுத்துவிட்டார். அதே நாக்கில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் வைப்பதற்குப் பதினொரு கையெழுத்து வேண்டும் என்பது அவருக்கு மத்தியானத்துக்கு மேல்தான் தெரியவந்தது. சில விஷயங்கள் பட்டால்தான் தெரியும். பட்டார்.

மெக்கானிக் என்றால் பிரிட்ஜ் மெக்கானிக். பெரிய கடைகளின் குளிர்பெட்டி முதல் வீட்டு பிரிட்ஜ் வரை எது மூச்சுவிட மறந்தாலும் அவருக்குத்தான் போன் வரும். அவர் சம்சாரம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரம்மா. இருபத்திரண்டு வருஷமாக தினம் முந்நூறு பேருக்குச் சமைத்தவள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள் என்றால் தீர்ப்பு அதுதான், அப்பீல் கிடையாது. மளிகைக்காரன் எண்ணெயை மாற்றி அனுப்பினால் அன்று சாயங்காலமே அவனுக்கு போன் போய்விடும். அப்படிப்பட்ட நாக்கில்தான் கட்டி வந்திருந்தது. நாளைக் காலை ஏழு மணிக்கு முக்கால் நாக்கை எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் சுவை என்று பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நல்ல மனுஷன். பொய் சொல்லத் தெரியவில்லை.

நாலாவது மாடியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலிலிருந்து எதிர்க்கடை தெரியும். கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. ‘புதிய சுவை! சுட்ட அன்னாசி, மிளகுடன்.’ எட்டு நாளாக அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

“அன்னாசியச் சுட்டா ஓரத்துல சர்க்கரை கருகும். அடிநாக்குல லேசா ஒரு கசப்பு தட்டும். அது இருந்தா நிஜமாவே சுட்டிருக்கான். இல்லன்னா எசன்ஸ ஊத்திட்டு போர்டு வெச்சிருக்கான், திருட்டுப்பய. ஒரு வாய் வெச்சா சொல்லிடுவேன்.”

மத்தியானம் சுற்றுக்கு வந்த டாக்டர், “சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் மனசுக்குப் பிடிச்சத சாப்பிடுங்கம்மா. சில்லுன்னு இருந்தா இன்னும் நல்லது, வலி தெரியாது. ஆறுக்கு மேல தண்ணிகூடக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அவள் புருஷனைப் பார்த்தாள். “என்னங்க, அத வாங்கிட்டு வாங்க. வேலைய விட்டுப் போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு டேஸ்ட் பாத்துக் குடுத்துட்டுப் போகட்டும் இந்த நாக்கு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இரண்டு மணி இருபதுக்கு மெக்கானிக் கடையில் ஒரு கப் வாங்கினார். செய்தித்தாளில் மூன்று சுற்று இறுக்கிச் சுற்றினார். அப்படிச் சுற்றினால் நாற்பது நிமிஷம் தாங்கும். அவர் தொழிலே அதுதானே. ரோட்டைத் தாண்ட இரண்டு நிமிஷம், லிப்டுக்கு ஐந்து நிமிஷம். ராஜபோகமாகப் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டார். வாசலில் காவலாளி கையை நீட்டினார்.

“பையில என்னண்ணே?”

“ஐஸ்கிரீம்ப்பா. என் சம்சாரத்துக்கு. டாக்டரே சொல்லிட்டாரு.”

“டாக்டர் வாயால சொன்னாரா, பேப்பர்ல சொன்னாரா?” காவலாளிக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் விட்டா நாளைக்கு என் சீட்டு கிழிஞ்சிடும்ணே. பதினாறாம் நம்பர் ரூமுக்குப் போங்க. வெளி உணவு அனுமதிப் பிரிவு. சீக்கிரம் போங்க.”

பதினாறாம் நம்பர் அறையில் சுவர் முழுக்க ‘நோயாளியே முதல்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு சோபா. சோபாவில் ‘ஊழியர்களுக்கு மட்டும்’ என்று ஒட்டியிருந்தது. பிரிவு அதிகாரி ஒரு அம்மாள். குரலில் தேன் வழிந்தது. நானும் எத்தனையோ அலுவலகங்களில் திட்டு வாங்கியிருக்கிறேன், அதை மறந்துவிடலாம். இந்தத் தேன் குரல்தான் ஆளைக் கொல்லும்.

“உக்காருங்க சார். கொண்டு வந்திருக்கறது திடமா, திரவமா?”

“ஐஸ்கிரீம் மேடம்.”

“அது அதோட பேரு சார். நான் கேக்கறது நிலை. திடம்னா மஞ்சள் படிவம். திரவம்னா நீலப் படிவம்.”

மெக்கானிக் கப்பை அழுத்திப் பார்த்தார். கல்லாட்டம் இருந்தது. திடம் என்றார். மஞ்சள் படிவம் நாலு பக்கம். சமைத்தவர் யார், அவருக்குக் கடந்த ஆறு மாதத்தில் இருமல் உண்டா, எந்தத் தண்ணீரில் சமைத்தார், நோயாளி இந்த உணவை ஏன் விரும்புகிறார், இருபது சொற்களுக்கு மிகாமல் எழுதுக. அந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ‘அவளுக்கு ஆசை’ என்று எழுதினார். இரண்டே சொல். படிவத்தை எடுத்துக்கொண்டு உணவியல் பிரிவு, வார்டு நர்ஸ், டாக்டரின் உதவியாளர் என்று மாடிப்படி ஏறி இறங்கி நாலு கையெழுத்து வாங்கி வந்து நின்றபோது மணி மூன்று பத்து.

அதிகாரி செய்தித்தாளைப் பிரித்துக் கப்பை லேசாக ஆட்டினார். உள்ளே தளும்பியது.

“இது திரவமாச்சே சார். நீங்க திடம்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. தவறான தகவல்.”

“உங்க படிவத்த நிரப்பறதுக்குள்ள உருகிடுச்சு மேடம்!”

“காரணம் எதுவா இருந்தாலும் பரவால்ல சார், நாங்க மனிதாபிமானத்தோடதான் பார்ப்போம். புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க. இன்னொண்ணு. வெளி உணவு எதுவா இருந்தாலும் எழுபது டிகிரிக்குச் சூடு பண்ணித்தான் வார்டுக்கு அனுப்புவோம்.”

மெக்கானிக்குக் காதில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. “ஐஸ்கிரீமையா?”

“எல்லா உணவையும். நாங்க பாகுபாடு பார்க்கறதில்ல. விலக்கு வேணும்னா குழு முடிவு பண்ணணும். குழு நாலு மணிக்குக் கூடும். அதுவரைக்கும் குளிர்ச்சியா வெக்கறதுக்கு எங்ககிட்ட பிரிட்ஜ் இருக்கு. ஆனா அது ஏழு மாசமா ஓடல.”

மூலையில் நின்ற பிரிட்ஜை மெக்கானிக் அப்போதுதான் பார்த்தார். உள்ளே கோப்புகள் அடுக்கியிருந்தன. கோபத்தைப் பல்லுக்குள் மென்றுகொண்டு, கோப்புகளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். மோட்டாரைக் கிளப்பிவிடும் ரிலே எரிந்திருந்தது. தோள்பையில் எப்போதும் ஒன்று கிடக்கும். மாட்டினார். இருபது நிமிஷத்தில் பிரிட்ஜ் உறுமிக் குளிர ஆரம்பித்தது. ஓட்டமாக ஓடி இரண்டாவது கப்பை வாங்கி வந்து கதவைத் திறந்தார். உள்ளே அதற்குள் நாலு தண்ணீர் பாட்டிலும் ஒரு டிபன் பாக்ஸும் ஏறியிருந்தன.

“ரொம்ப தேங்க்ஸ் சார், ஏழு மாசமா சுடு தண்ணி குடிச்சே நாங்க செத்தோம்” என்றார் அதிகாரி. “ஆனா உங்க கப்ப அதுல வெக்க முடியாது. அது பரிசோதனை மாதிரிகளுக்கு மட்டும். உங்களது இன்னும் மாதிரி ஆகல. மனுவாதான் இருக்கு.”

மெக்கானிக் பிரிட்ஜ் கதவைச் சாத்தினார். கப்பைச் செய்தித்தாளில் சுற்றி, சட்டைமேல் படாமல், குழந்தையைத் தூக்குகிற மாதிரி கையில் ஏந்திக்கொண்டு வராந்தாவில் நின்றார். நாலு மணிக்குக் கூட வேண்டிய குழு நாலு இருபத்தைந்துக்குக் கூடியது. ஐந்து பேர் குழு. வந்தது நாலு பேர். ஐந்தாமவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

குழுத் தலைவர் வழுக்கையைத் தடவிக்கொண்டு எழுந்து நின்றார். கேட்பதற்கு இருந்த வெளியாள் மெக்கானிக் ஒருவர்தான். ஆனாலும் மைக் இருந்தது.

“ஒரு நோயாளி ஒரு வாய் சாப்பிடறதுக்கு முன்னாடி, நாங்க அஞ்சு பேர் எங்க உயிரப் பணயம் வெச்சு சாப்பிட்டுப் பார்க்கறோம். இதுக்கு யாரும் கைதட்டறதில்ல. பரவால்ல, நாங்க எதிர்பார்க்கவும் இல்ல. போன வருஷம் இந்தப் பிரிவுக்கு நூத்திப்பத்து மனு வந்துது. வெளி உணவால ஒரு நோயாளிக்குக்கூட பாதிப்பு இல்ல. ஒண்ணு, ஒரே ஒண்ணுகூட இல்ல! எப்படி? ஏன்னா ஒரு நோயாளிகூட வெளி உணவு சாப்பிடல.”

மற்ற மூவரும் கைதட்டினார்கள். அப்புறம் கரண்டி வந்தது. எவர்சில்வர் கரண்டி, சாப்பாட்டுக் கரண்டி அளவுக்கு. மெக்கானிக் கப்பை நீட்டினார்.

முதல் உறுப்பினர் ஒரு கரண்டி எடுத்தார். “ஒரு கரண்டில முடிவெடுக்கறது விஞ்ஞானம் ஆகாது” என்று இன்னொன்று எடுத்தார். இரண்டாமவர், “லேசா இளகியிருக்கே, கடைக்காரன் சரியா வெக்கலபோல” என்று வராந்தாவில் அரைமணி நேரம் நின்ற மெக்கானிக்கைக் குறைசொல்லுகிற மாதிரி பார்த்துவிட்டு மூன்று எடுத்தார். மூன்றாமவருக்குச் சர்க்கரை வியாதி. “எனக்கு ஆகாது. இருந்தாலும் கடமைன்னு ஒண்ணு இருக்கே” என்று கண்ணை மூடிக்கொண்டு கடமையைச் செய்தார். தலைவர் கப்பின் அடியை வழித்தார்.

அந்த நேரம் பார்த்து ஐந்தாமவர் உள்ளே வந்தார். டீ சூடாக இருந்ததாம், ஊதிக் குடிக்க நேரமாகிவிட்டதாம்.

“முழுக் குழுவும் சாப்பிடாம முடிவு செல்லாது” என்றார் அதிகாரி, தேனாக. “இன்னொரு கப், சார்.”

மணி நாலு ஐம்பது. மெக்கானிக் மறுபடி ரோட்டைத் தாண்டினார். இந்தத் தடவை ஒரு பஸ் அவரை உரசிக்கொண்டு போனது, டிரைவர் அவர் அம்மாவை இழுத்துத் திட்டினார், அவர் காதில் அது விழவே இல்லை. மூன்றாவது கப்பை ஐந்தாமவர் முன்னால் வைத்தார். ஐந்தாமவர் சாப்பிட ஆரம்பித்ததும் மற்ற நாலு பேருக்கும் முந்தைய கப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. இரண்டு கப்பும் ஒரே தரமா என்று தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? நியாயம்தானே. ஒப்பிட்டார்கள். பிறகு யாருக்காவது வயிற்றைக் கலக்குகிறதா என்று பார்க்க இருபது நிமிஷம் கண்காணிப்பு. ஐந்து பேரும் சோபாவில் சாய்ந்து ஒருவரை ஒருவர் கண்காணித்தார்கள். ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டே கண்காணித்தார்.

ஐந்து முப்பத்தைந்துக்கு ஏகமனதாக அனுமதி கிடைத்தது. எழுபது டிகிரிச் சூட்டிலிருந்து சிறப்பு விலக்கு வேறு. ஐந்து பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி பத்தாவது கையெழுத்தைப் போட்டுவிட்டு, பதினொன்றாவதற்கு மெக்கானிக்கிடம் பேனாவைக் கொடுத்தார். அவரும் போட்டார். அனுமதிச் சீட்டைக் கப்பின்மேல் ஒட்டி முத்திரை குத்தி நீட்டினார்கள்.

கப் காலி.

“சார், இதுல ஒண்ணும் இல்லையே” என்றார் மெக்கானிக்.

தலைவர் கருணையோடு சிரித்தார். “அதனாலதான் இவ்வளவு தைரியமா கையெழுத்துப் போட முடிஞ்சுது.”

“அப்ப நான் போய் வேற ஒண்ணு வாங்கிட்டு வரேன்.”

“தாராளமா. ஆனா இந்த அனுமதி இந்தக் கப்புக்குத்தான். வேற கப்புன்னா வேற மனு. நாளைக்கு நாலு மணிக்குக் குழு கூடும்.”

அப்போதுதான் மெக்கானிக்குக் கண் இருட்டியது. முப்பது வருஷமாக யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷன். அவர் போட்ட சத்தத்தில் பதினாறாம் நம்பர் அறைக் கண்ணாடி அதிர்ந்தது.

“நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அவ நாக்க வெட்டிடுவாங்கய்யா! ஆறு மணிக்கு மேல அவ பச்சைத் தண்ணி குடிக்கக் கூடாது! நீங்க வழிச்சு வழிச்சுத் தின்னீங்களே, அது அவளோட கடைசி வாய்! மனுஷங்களாய்யா நீங்க? வெக்கமா இல்ல?”

 தலைவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“உறவினர்கள் உணர்ச்சிவசப்படறது இயல்பு. நாங்க தப்பா எடுத்துக்கறதில்ல. இதையும் குறிப்புல எழுதிக்கங்கம்மா.” பிறகு ஞாபகம் வந்தவராக, “அந்தக் கப்பையும் மூடியையும் எடுத்துட்டுப் போயிடுங்க சார். வெளி உணவுக் குப்பைய எங்க தொட்டில போடக் கூடாது” என்றார்.

இனி எவன் அனுமதி எவனுக்கு வேண்டும்? சட்டைக்குள் ஒளித்துக்கொண்டாவது கொண்டுபோய்விடுவது என்று கப்பையும் மூடியையும் பைக்குள் திணித்துக்கொண்டு கடைக்கு ஓடினார். கடை வாசலில் ஒரே கும்பல். எல்லாம் மருத்துவமனைச் சீருடை. அனுமதிக்கப்பட்ட உணவு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டதாம். ஊழியர்கள் சாப்பிட மனு எதுவும் தேவையில்லை, ரோட்டைத் தாண்டினால் போதும். ஆளுக்கொரு கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு, ஆகா ஓகோ என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“சுட்ட அன்னாசி ஒண்ணு குடுப்பா” என்று மூச்சிரைத்தார் மெக்கானிக்.

“இப்பத்தாண்ணே கடைசி கப்பும் போச்சு. ஆஸ்பத்திரிக்காரங்களே பாஸ் பண்ணிட்டாங்களாம்ல, சும்மாவா! நாளைக்கு வரும்ணே.”

நாளைக்கு. அந்த ஒரு வார்த்தைக்கே கடைக்காரனின் சட்டையைப் பிடித்திருப்பார். அவன் என்ன பாவம் செய்தான்? திரும்பி நடந்தார்.

வெறுங்கையோடு வார்டுக்குள் வந்தபோது மணி ஐந்து ஐம்பத்து மூன்று. அவள் எழுந்து உட்கார்ந்து, தலைவாரி, வாய்கூடக் கொப்பளித்துவிட்டுத் தயாராக இருந்தாள். வேலைக்குப் போகும்போது அப்படித்தான் இருப்பாள்.

அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். சொல்லச்சொல்ல அவள் முகம் சிவந்தது. கடைசியில், “மூடிய எடுத்துட்டு வந்திருக்கீங்கல்ல? அதக் குடுங்க” என்றாள்.

மூடியின் உள்பக்கம் மஞ்சளாக ஒரு தீற்றல் ஒட்டியிருந்தது. வழித்து உள்ளங்கையில் வைத்தால் ஒரு பட்டாணி அளவு தேறும். அவள் வழித்தாள். உள்ளங்கையை வாய்க்குக் கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். பக்கத்துக் கட்டில்காரி முனகுவதைக்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“இனிப்பு இருக்கு. மிளகு பின்னாடி வருது, நல்ல மிளகுதான்.” நாக்கை மேலண்ணத்தில் வைத்து ஒருமுறை அழுத்தினாள். இன்னொருமுறை. “அந்தக் கசப்பு... இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. பத்தலங்க. ஒரு வாய் இருந்திருந்தா சொல்லியிருப்பேன்.”

நர்ஸ் வந்து, தலையை நிமிர்த்தாமல், கட்டில் கம்பியில் ‘வாய்வழி எதுவும் கூடாது’ என்ற அட்டையை மாட்டினாள். “மன்னிச்சிடுங்கம்மா” என்று அந்த ஆஸ்பத்திரியிலேயே அந்த நர்ஸ் மட்டும்தான் சொன்னாள்.

“அஞ்சு பேரு தின்னாங்களே, ஒருத்தனாவது சொன்னானா, சுட்டதா இல்லையான்னு?” என்று கேட்டாள் மனைவி.

“நான் கேக்கலயே.”

“கேக்க வேண்டியத மட்டும் கேக்க மாட்டீங்க” என்று திட்டிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மெக்கானிக் மாடிப்படியில் போய் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதார். அழுகை பாதி, ஆத்திரம் பாதி. எது எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

காலை ஏழு மணிக்கு, ஒரு நிமிஷம்கூடத் தாமதமில்லாமல், அறுவை சிகிச்சை நடந்தது. அதெல்லாம் அங்கே டாண் என்று நடக்கும்.

பன்னிரண்டாம் நாள் குழு முழுசாக வார்டுக்கு வந்தது. ஐந்தாமவர்கூட நேரத்துக்கு வந்திருந்தார். அந்த வருஷத்தில் அனுமதி கிடைத்த ஒரே மனு மெக்கானிக்குடையதாம். ஆண்டறிக்கையில் போட நோயாளியின் கருத்து வேண்டும். ஒரு போட்டோக்காரரும் கூடவே வந்திருந்தார். தலைவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தலைமுடி இல்லாத தலையில் இருந்த இரண்டு முடியைச் சரிசெய்துகொண்டு, அவள் வாய்க்கு நேராகச் சின்ன மைக்கை நீட்டினார்.

“சொல்லுங்கம்மா. ஐஸ்கிரீம் எப்படி இருந்துச்சு?”

மெக்கானிக் எழுந்துவிட்டார். கை முஷ்டியாக மடங்கியிருந்தது. அவள் கண்ணாலேயே உட்காரச் சொன்னாள். மூக்கில் குழாய், கழுத்தில் கட்டு. மடியில் அவள் பேசுவதற்கென்று ஒரு சிலேட்டு. எடுத்து எழுதினாள். கேன்டீன் கணக்கு எழுதிப் பழகிய, குண்டு குண்டான கையெழுத்து.

‘நீங்கதானே சாப்பிட்டீங்க. கருகின கசப்பு இருந்துச்சா? சுட்டதா, எசன்ஸா?’

தலைவர் படித்தார். மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். இரண்டு கரண்டி சாப்பிட்டவர் தாடையைச் சொறிந்தார். மூன்று கரண்டி சாப்பிட்டவர் போட்டோக்காரரைப் பார்த்தார். சர்க்கரை வியாதிக்காரர், “மஞ்சளா இருந்துச்சு” என்றார். ஐந்தாமவர் தான் டீ குடித்துவிட்டு வந்ததால் சரியாகத் தெரியவில்லை என்றார்.

அவள் சிலேட்டை இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள், அதுதான் கொடுமை.

“நாங்க பாதுகாப்பத்தானம்மா பார்த்தோம்” என்றார் தலைவர் கடைசியில். பிறகு, ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும், முகம் மலர்ந்தார். “சில்லுன்னு இருந்துச்சும்மா. நல்ல சில்லுன்னு.”

மற்ற நாலு பேரும், ஆமாம், ஆமாம், சில்லுன்னுதான் இருந்தது என்று தலையாட்டினார்கள்.

அவள் எழுதியதை முழங்கையால் துடைத்தாள். காய்கறிக்காரன் முதல் கேன்டீன் முதலாளி வரைக்கும் யாரிடமும் நேருக்கு நேர் ‘ங்க’ போடாமல் பேசியறியாதவள். சிலேட்டு முழுக்கப் பெரிய எழுத்தில் இரண்டே சொல் எழுதி, தலைவர் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள்.

‘வெளிய போ.’

போட்டோக்காரர் படம் எடுத்தார். அதிகாரி தன் நோட்டில் தேதி போட்டு எழுதினார்: ‘நோயாளியின் கருத்து எழுத்து மூலம் பெறப்பட்டது.’